ஆய்வறிக்கையிலிருந்து கையொப்பம் வரை: யாழ்ப்பாணத்து நீருக்கு எந்த வழி?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரைக்கீழ் நீரைப் பற்றிய ஆராய்ச்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது. நீர்வளச் சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்கள் என்று பல கைகள் 1960-களிலிருந்து அளந்தும் எழுதியும் வந்திருக்கின்றன. வலிகாமத்துக் கிணறுகளில், பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று மிகுந்திருப்பது 1980-களின் முற்பகுதியிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. ஆனால், பிரதேச சபையில் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வழங்குபவரின் மேசையிலோ, கமநல சேவை நிலையத்தில் வெங்காயச் செய்கைக்குப் பசளை அளவு சொல்லும் விவசாயப் போதனாசிரியரின் குறிப்பேட்டிலோ அந்தப் பதிவுகளின் சுவடு தென்படுவது அரிது. அறிக்கை ஒரு கட்டடத்திலும் கையொப்பம் இன்னொரு கட்டடத்திலும் இருக்கின்றன. இடையில் உள்ள தூரத்தைக் குறைப்பதற்குப் பல ஏற்பாடுகள் அவ்வப்போது முன்மொழியப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணமும் ஆளும் கிடைக்கப்போவதில்லை. எனவே எதை முதலில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற தெரிவைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

பேச்சில் அடிபடும் வழிகள் நான்கு. நிபுணர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைப்பது ஒன்று. பெரிய நீர்த் திட்டங்களோடு சேர்ந்து வரும் ஆய்வுகளையே கொள்கைக்கு அடிப்படையாக்கிக்கொள்வது இன்னொன்று. ஆய்வாளருக்கும் நிருவாகத்துக்கும் இடையில் நின்று இருபக்க மொழியையும் அறிந்த ஓர் இணைப்பு உத்தியோகத்தரை வைப்பது மூன்றாவது. கிணற்றுக்கு உரியவர்களே அளந்து, அந்த அளவை ஊர்மட்டத் தீர்மானங்களோடு கட்டிவிடுவது நான்காவது. சட்டத்தால் கட்டாயப்படுத்துவதை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்வர். அது தனித்து நிற்கக்கூடிய வழி அன்று என்பது என் எண்ணம். அதனால் அதைச் சுருக்கமாகவே தொடுகிறேன்.

நிலம் வைக்கும் நிபந்தனை

வழிகளை ஒப்பிடும் முன்னர், இந்த நிலம் எத்தகைய தீர்மானத்தைக் கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் உயிர்பெறும். மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடுகிறது. அந்த மழை, மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோலத் தங்குகிறது. நன்னீரும் கடல்நீரும் அடர்த்தியில் கொண்டுள்ள வேறுபாட்டினால், நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்திருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் தடிப்புக்கு நன்னீர் இருக்கக்கூடும் என்பது நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். நீர்மட்டம் நிலையாக 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், நாளடைவில் அடியிலிருந்து 4 மீற்றர் நன்னீர் போய்விடும். தோட்டக்காரர் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது தெரிவது 10 சென்ரிமீற்றர் மட்டுமே. ஒரு கோடையில் அது கண்ணிலும் படாது. புத்தூர் நிலாவரையில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவர்நீராகவும் இருப்பது இதே அமைப்பின் காரணமாகத்தான்.

இன்னொரு நிபந்தனையையும் சுண்ணக்கல்லே வைக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போதிய தூரம் விட்டால் மண் ஓரளவு வடிகட்டிக் கொடுக்கும். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல்லில் நீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் ஓடக்கூடும். உள்நாட்டில் பெய்த மழை கீரிமலையில் கடலோரத்தில் நன்னீராக ஊறி வெளிப்படுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் வீட்டு அனுமதியில் வழக்கமாகக் கேட்கப்படுவது 50 அடி இடைவெளிதான். நகரை அண்டிய பகுதியில் இன்று கைமாறும் காணி பெரும்பாலும் இரண்டு பரப்பு, அதாவது 20 பேர்ச். சதுரமாக இருந்தாலும் பக்கத்துக்கு ஏறத்தாழ 22 மீற்றர். தன் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்து ஒருவர் அந்த 50 அடியைக் காட்டிவிடலாம். நான்கு பக்கத்து அயலவரும் தத்தம் மூலையில் அதையே செய்யும்போது, ஒருவருடைய குழி இன்னொருவருடைய கிணற்றுக்கு எவ்வளவு அண்மையில் விழுகிறது என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. விதி பின்பற்றப்படுகிறது, விதியின் நோக்கம் நிறைவேறுவதில்லை.

ஆகவே இங்கே தேவைப்படுவது, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பெருந்தீர்மானத்துக்கு அறிவியலை அழைப்பது மட்டும் அன்று. ஒவ்வொரு போகத்திலும் ஒவ்வொரு வீட்டு அனுமதியிலும் எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான சின்னத் தீர்மானங்களுக்குள் அளவீடு நுழைய வேண்டும். இந்த உரைகல்லில்தான் நான்கு வழிகளையும் உரைத்துப் பார்க்கிறேன்.

நிபுணர் குழு

அறிவியலைக் கொள்கையோடு இணைப்பது என்றதும் நிருவாகத்துக்கு முதலில் தோன்றுவது குழு. அமைப்பது எளிது, ஒரு கடிதம் போதும். பேராசிரியர்களின் பெயர் சேர்ந்தால் மதிப்பும் உண்டு. ஆனால் எங்கள் மண்ணிலேயே இந்த வழிக்கு ஒரு பெரிய சோதனை நடந்து முடிந்திருக்கிறது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்திருப்பதாக 2014-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015-இலும் எழுந்த போராட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் படலம் மிதந்ததைக் கண்ட மக்கள், குடிக்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாகாண நிருவாகம் நிபுணர் குழுவை அமைத்தது. நீர் வழங்கல் சபையும் வேறு நிறுவனங்களும் தனித்தனியே மாதிரிகளை எடுத்தன. முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆபத்தில்லை என்ற தொனியில் ஒரு தரப்பும், எண்ணெய் வரையறைக்கு மேல் இருக்கிறது என்று இன்னொரு தரப்பும் பேசியபோது, மக்கள் இரண்டையும் நம்பாமல் பவுசரில் வந்த தண்ணீரை நம்பினார்கள். இறுதியில் வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களின் கடமைத் தவறும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டது.

இதில் அறிவியலாளர்களை நோவதற்கு நான் வரவில்லை. அவர்கள் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு முறையில் எடுத்த மாதிரிகள் வெவ்வேறு விடையைத் தருவது இயல்பே. எண்ணெய் நீரின் மேற்பரப்பில் தங்குகிறது. கிணற்றின் நடுவிலிருந்து எடுத்த போத்தலும் மேற்பரப்பிலிருந்து எடுத்த போத்தலும் ஒன்றல்ல. குறை வேறிடத்தில் இருந்தது. நெருக்கடிக்கு முன்னைய ஆண்டுகளில் அதே கிணறுகளில் ஒழுங்காக எடுத்த அளவீடுகள் இருந்திருந்தால், ‘முன்பு எப்படி, இப்போது எப்படி’ என்று எந்தக் குழுவும் ஒரு மணிநேரத்தில் சொல்லியிருக்கும். அடிப்படைப் பதிவு இல்லாத இடத்தில் குழு கூடினால், அது தீர்ப்பு வழங்கும் சபையாகிவிடுகிறது. யார் அமைத்தார்கள், யார் பக்கம் சாய்ந்தார்கள் என்ற பேச்சு, நீரைப் பற்றிய பேச்சை விழுங்கிவிடுகிறது.

குழுவுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. கேள்வி பெரிதாகும்போதுதான் அது கூடும். பசளையின் அளவு, குழியின் இடம், இறைப்பின் நேரம் போன்றவை ஒருநாளும் குழு கூடும் அளவுக்குப் பெரிதாவதில்லை. ஆனால் நைத்திரேற்றை நாற்பது ஆண்டுகளாகக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருப்பவை அவையேதாம். எனவே குழுவை வேண்டாம் என்று தள்ள மாட்டேன். முதல் ரூபாய் அதற்குப் போகக்கூடாது என்பேன்.

திட்டத்தோடு வரும் ஆய்வு

பெரிய நிதி வரும்போது பெரிய ஆய்வும் வருகிறது. அதன் தரத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கேள்வியைத் திட்டம் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் யோசனை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் முன்னெடுக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதற்குச் சான்று. குளத்தின் கொள்ளளவு, வான்பாயும் நீர், குளக்கட்டை உயர்த்தினால் கிடைக்கும் மேலதிகம் என்று பொறியியலாளர்கள் கணக்கிட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள் வேறொரு கணக்கை வைத்திருந்தார்கள். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று ஆண்டுதோறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பங்கிடும்போது தங்களுக்குக் கிடைக்காமற்போன ஏக்கர்களின் கணக்கு அது. இரண்டும் நீரியல் கணக்குகளே. ஒன்று அறிக்கையில் இருந்தது, மற்றது அனுபவத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் சரிபார்க்கும் இடம் திட்டத்துக்குள் இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திரும்பியது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது.

குடிநீர் வந்தது நல்லதே. தீவகத்திலும் கரையோரத்திலும் பவுசருக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடல்நீரிலிருந்து ஒரு கன மீற்றர் நன்னீர் எடுக்க இவ்வகை நிலையங்களில் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். முழுக் கொள்ளளவில் இயங்கினால் அது நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு. மழை நீரைப் பழுதாக்காமல் நிலத்துக்குள் வைத்திருக்கும் ஏற்பாட்டில் நாங்கள் தோற்றதற்காகச் செலுத்தும் மின்கட்டணத்தின் ஒரு பகுதி இது என்று சொன்னால் அது மிகையாகாது. திட்டம் முடிந்தபின் அளவீட்டுக் கருவிகளும் தரவுகளும் எங்கே போகின்றன என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலும் நிறைவறிக்கையின் பின்னிணைப்பில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

அதற்காக இந்த வழி பயனற்றது என்று கொள்ள வேண்டியதில்லை. அவதானிப்புக் குழாய்க் கிணறுகளை அமைப்பதும் ஆழத்துக்கேற்ப உப்புத்தன்மையை அளப்பதும் உள்ளூர் நிதியில் முடியாத காரியங்கள்; அவற்றைத் திட்ட நிதியில் செய்விக்கலாம். திட்ட உடன்படிக்கையில் கையெழுத்திடும்போதே, தரவு யாருக்கு உரியது, திட்டம் முடிந்தபின் எந்தத் திணைக்களம் அளக்கும் என்பதை எழுதிவைத்தால் போதும். எழுதாவிட்டால் பின்னர் கேட்டுப் பயனில்லை.

இடையில் ஓர் ஆள்

மூன்றாவது வழிமீது எனக்கு உண்மையான பற்று உண்டு, ஏனெனில் அது சிறுமையான ஆனால் மெய்யான ஓர் இடைவெளியைப் பார்க்கிறது. ஓர் உதாரணம் போதும். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதே எல்லையை நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். சில ஆய்வுகூடங்கள் முதல் முறையிலும் சில இரண்டாம் முறையிலும் முடிவைத் தருகின்றன. நைதரசனாகக் கணக்கிட்டு ‘12’ என்று வந்த ஒரு தாளை, 50 என்ற எல்லையை மட்டும் மனத்தில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் கண்டால், நாலிலொரு பங்குதானே என்று நிம்மதியாகக் கோவையில் இட்டுவிடுவார். நைத்திரேற்றாக மாற்றினால் அது 53; எல்லையைத் தாண்டிவிட்டது. பல்கலைக்கழகத்தில் இதைப் பிழையாக வாசிப்பவர் இல்லை; நிருவாகத்தில் இதைக் கேட்டறிய யாரிடம் போவது என்று தெரிந்தவரும் இல்லை. அதேபோல, கொதித்தாறிய நீர் எல்லாக் குறையையும் போக்கும் என்று நம்பும் வீடுகளில், நைத்திரேற்று கொதிக்கவைப்பதால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும் என்பதைத் தாய்மாருக்குச் சொல்லும் பொறுப்பு யாருடையது? கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசன் குறையும் ஆபத்துக்குரிய விடயம் இது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிருமியைப் பற்றிச் சொல்வார். குளோரின் இடச் சொல்வார். நைத்திரேற்று அவருடைய வழக்கமான சோதனைக்குள் வருவதில்லை.

இத்தகைய இடத்தில் இருபக்கத்தையும் அறிந்த ஒருவர் மாவட்டச் செயலகத்திலோ மாகாண அமைச்சிலோ இருந்தால், பல அறிக்கைகள் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாகி, உரிய மேசைக்குப் போய்விடும். தூரமும் குறையும். நீரோடு நெருக்கமாகத் தொடர்புடைய விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. மாவட்டச் செயலகம் யாழ் நகரில். ஒரு கூட்டத்துக்கு வந்து போவதென்றால் விரிவுரையாளருக்கு ஒருநாள் போய்விடும். அந்த நாளுக்கு அவருடைய பதவி உயர்வில் மதிப்பெண்ணும் பெரும்பாலும் இல்லை. ஆங்கில ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் கணக்கில் எடுக்கப்படும். கமநல சேவை நிலையத்தின் சுவரில் ஒட்டிய ஒரு தாள் எடுக்கப்படாது.

பற்று இருந்தும் இதை முதலாவதாக வைக்கத் தயங்குவதற்குக் காரணம், அந்த ஆள் போனால் ஏற்பாடும் போய்விடும் என்பதுதான். புதிய பதவி என்றால் ஆளணிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். மாகாண சபைக்கு 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தபின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லை. கேள்வி கேட்கும் சபையே இல்லாதபோது, பதில் சொல்ல ஓர் உத்தியோகத்தரை நியமிப்பதற்கு யாருக்கும் அவசரம் வரப்போவதில்லை. இருக்கும் உத்தியோகத்தர் ஒருவருக்கு மேலதிகக் கடமையாகக் கொடுக்கலாம். ஆனால் இடமாற்றம் வந்ததும் கோவையை மட்டும் அடுத்தவரிடம் கையளிப்பார், உறவுகளைக் கையளிக்க முடியாது.

கிணற்றடியில் தொடங்குவது

குடாநாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் கிணறுகள் உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். துலாவும் பட்டையும் போய் இயந்திர இறைப்பு வந்தபின், ஒவ்வொரு கிணறும் ஒரு சின்ன நீர்ப்பாசனத் திட்டம். அதன் பணிப்பாளர் கிணற்றுக்காரரே. இரணைமடுவில் தண்ணீரைப் பங்கிடக் கூட்டம் இருக்கிறது. உரும்பிராயிலோ நீர்வேலியிலோ அப்படி ஒரு கூட்டம் இல்லை. ஒருவர் எவ்வளவு இறைக்கிறார் என்று கேட்பதற்கு எவருக்கும் அதிகாரமும் இல்லை, வழக்கமும் இல்லை. தீர்மானம் எடுப்பவர் தோட்டக்காரராகவே இருக்கையில், அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடமும் அவருடைய கிணற்றடிதான்.

அளப்பது கடினமான வேலை அன்று. நுனியில் பாரம் கட்டிய அளவுநாடாவின் கடைசி முழத்தில் சோக்கைத் தேய்த்து, கிணற்றுக்கட்டில் நிறப்பூச்சால் குறித்த ஓர் அடையாளத்திலிருந்து இறக்கினால், சோக்கு நனைந்த இடம் நீர்மட்டத்தைச் சொல்லிவிடும். அதிகாலையில், இயந்திரம் போடும் முன்னர் அளக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. இறைத்து முடிந்தபின் அளந்தால் அன்றைய இறைப்பைத்தான் அளந்ததாகும். கையடக்க மின்கடத்துதிறன் மானியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் உப்பின் அளவு சில நொடியில் தெரியும். கடல்நீரில் அது சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில் இருக்கும். கிணற்றில் ஆண்டுக்காண்டு அது ஏறுகிறதா என்பதே கேள்வி. ஓர் ஊருக்கு வேண்டிய கருவிகளின் செலவு, விடுதி மண்டபத்தில் நீர் முகாமைத்துவம் பற்றி ஒருநாள் பயிலரங்கு நடத்தும் செலவைத் தாண்டாது. பயிலரங்குகளில் நானும் உணவருந்தியிருக்கிறேன். அதனால் இதைத் துணிந்து சொல்லலாம்.

நைத்திரேற்றுக்கு இது போதாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். மாதிரியைக் குளிரில் வைத்து விரைவாகக் கொண்டுபோக வேண்டும். எடுக்கும் காலமும் முக்கியம். கோடையில் மண்ணில் தங்கிய நைதரசனை முதல் மழைகள் கரைத்துக் கீழே இறக்குவதால், புரட்டாசியில் எடுத்த மாதிரியும் கார்த்திகையில் எடுத்த மாதிரியும் ஒரே கதையைச் சொல்லா. ஆகவே தோட்டக்காரர் அளப்பதையும் ஆய்வுகூடம் அளப்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நீர்மட்டமும் உப்பும் ஊராரிடம். நைத்திரேற்று, மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை, தெரிந்தெடுத்த கிணறுகளில் மட்டும், பல்கலைக்கழகத்திடமோ நீர் வழங்கல் சபையிடமோ.

இப்படி அளந்தால் நடத்தை மாறுமா என்ற ஐயம் நியாயமானது. ஆந்திரப் பிரதேசத்தில் 2000-களில், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு, வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் விவசாயிகளே நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து, போகத் தொடக்கத்தில் ஊர்கூடி ‘இவ்வளவு நீர் இருக்கிறது, இந்தப் பயிர்களுக்கு இவ்வளவு வேண்டும்’ என்று நீர்வரவு செலவு போட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. மானியமும் கட்டுப்பாடும் இல்லை. பல இடங்களில் அதிக நீர் கேட்கும் பயிர்கள் குறைந்தன. அங்கே அடியில் கடும்பாறை. எங்களுக்குச் சுண்ணக்கல்லும் அதன்கீழ் உவர்நீரும். அவர்களுக்குக் கிணறு வற்றும், எங்களுக்கு உவராகும். வற்றிய கிணறு மழைக்கு ஊறும், உவரான கிணறு திரும்ப நெடுங்காலம் பிடிக்கும். எனவே அவர்கள் முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எண்ணை அளந்தவரே தீர்மானமும் எடுத்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்று பெயரெடுத்த காணிக்கு விலை இறங்கும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் விற்க எண்ணியிருக்கும் காணி என்றால், உண்மையான எண் வெளியே வருவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே தனிக் கிணற்றின் அளவை அறிவிப்புப் பலகையில் போடக்கூடாது. கிராம சேவையாளர் பிரிவுக்குப் பொதுவாகப் போட வேண்டும், தனி எண் உரியவரிடம் மட்டும் போக வேண்டும். அளப்பவரின் கவனம் காலப்போக்கில் தளரும். பத்தில் ஒரு கிணற்றை நீர்வளச் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் மீண்டும் அளந்து பார்த்தால்தான் பதிவில் நம்பிக்கை இருக்கும். இன்னொரு குறை இதைவிடப் பெரியது: மலக்குழியின் பாதிப்பையும் நகரக் கழிவையும் தோட்டக்காரர் திருத்த முடியாது. கோப்பாயில் பசளையைக் குறைத்தால் கோப்பாய்க் கிணறு தெளியலாம். நல்லூரில் குழிகளை எங்கே, எப்படிக் கட்டுவது என்பது உள்ளூராட்சியின் வேலை. அங்கே அளவீடு போய்ச் சேர வேண்டிய இடம் வரைபட அனுமதிக் குழு.

சட்டம் பற்றி

அனுமதியின்றிக் கிணறு தோண்டக்கூடாது, இத்தனை மணிக்கு மேல் இறைக்கக்கூடாது என்று சட்டம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்கள், அந்த லட்சம் கிணறுகளுக்கு யாரை அனுப்புவது என்று சொல்வதில்லை. 2000-ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்வளக் கொள்கை, தண்ணீருக்கு விலை வரப்போகிறது என்ற மக்களின் அச்சத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் போனது. 2021 ஏப்ரலில் அறிவித்த இரசாயனப் பசளைத் தடை அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. நைத்திரேற்றைக் குறைக்க வேண்டும் என்று வாதிடும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தடை செய்த தீங்கு கொஞ்சமல்ல; ‘பசளையைக் குறையுங்கள்’ என்று இனி வாய்திறந்தாலே தோட்டக்காரருக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வருகிறது. சட்டம் வேண்டிய இடங்கள் குறைவு, ஆனால் உண்டு: புதிய ஆழ்குழாய்க் கிணறுகள், பவுசரிலும் போத்தலிலும் தண்ணீர் விற்பதற்கான இறைப்பு, எண்ணெய் கையாளும் நிலையங்கள். இவை எண்ணிக்கையில் சில. உவர்நீரை மேலே இழுப்பதிலும் மாசு சேர்ப்பதிலும் பெரியவை. இவற்றுக்கு அனுமதி வழங்கும்போது அண்மைய அவதானிப்புக் கிணற்றின் பதிவை இணைக்க வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபமே போதும்.

என் தெரிவு

முதற் பணமும் முதல் ஆளும் கிணற்றடி அளவீட்டுக்கு; அதை நடத்துவதற்காக மாவட்டச் செயலகத்தில் இருக்கும் உத்தியோகத்தர் ஒருவருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கும் எழுத்துமூலப் பொறுப்பு; நிபுணர் குழு, பதிவுகள் இரண்டு மாரியைக் கண்டபின்; சட்டம், மேலே சொன்ன சில இடங்களில் மட்டும். இணைப்பு உத்தியோகத்தரை இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம், அவருக்கு எடுத்துச் செல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்பதே. மாகாண சபை மீண்டும் அமைந்து, ஆளணியில் நிலையான பதவி கிடைக்கும் நிலை வந்தால் இந்த வரிசையை மாற்றி, உத்தியோகத்தரை முதலில் வைப்பதற்கு எனக்குத் தடையில்லை. ஆய்வுகூட முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் நிலை நீடித்தாலும் நான் மறுபடி யோசிப்பேன்; தைமாதம் எடுத்த மாதிரியின் முடிவு ஆனியில் வந்தால், அதற்குள் வெங்காயம் சந்தைக்குப் போய்விடும்.

எங்கே தொடங்குவது என்றால், வலிகாமத்தில் உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி செம்மண் தோட்டங்களையும், தென்மராட்சியில் உவர் ஏறும் கரையோரப் பிரிவு ஒன்றையும் சேர்த்து எடுக்கலாம். ஒன்றில் நைத்திரேற்று, மற்றதில் உப்பு என்று இரு வேறு நோய்களுக்கும் முறை பொருந்துகிறதா என்று பார்க்க முடியும். பதிவுத்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. திகதி, நீர்மட்டம், கடத்துதிறன், நைத்திரேற்று எந்த அலகில் என்பதோடு ஒரு எண், கடைசியில் ‘இந்த எண்ணை வைத்து எடுத்த தீர்மானம்’ என்ற நிரல். பசளையில் ஒரு தரம் குறைத்தது, இறைப்பை ஒருநாள் விட்டது, குழியின் இடத்தை மாற்றச் சொன்னது, எதுவாயினும் அங்கே எழுதப்பட வேண்டும், எடுத்தவரின் கையொப்பத்தோடு. இரண்டு போகம் தொடர்ந்து அந்த நிரல் வெறுமையாக இருந்தால், அந்தக் கிணற்றில் அளப்பதை நிறுத்திவிட்டு, நாடாவையும் மானியையும் அடுத்த பிரிவுக்குக் கொடுத்துவிடலாம்.